பறங்கியர் காவலில் ஒரு புலவர் சபை

எதிர்மன்னசிங்கன் 1591ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசின் நல்லூர்ச் சிங்காசனம் ஏறினான். அவனுக்கு முடியைத் தூக்கிக் கொடுத்தவன் போர்த்துக்கேயத் தளபதி அந்திரே பூர்த்தாதோ டி மென்டோன்சா. முந்திய அரசன் புவிராஜ பண்டாரம் அதே படையெடுப்பில்தான் கொல்லப்பட்டான். அடிபட்டுக் கிடந்த எதிர்மன்னசிங்கனின் உயிரைக் காத்தவனும் சிமாவோ பின்யாவோ என்ற பறங்கிக் கப்பித்தானே. போர்த்துக்கல் மன்னனுக்கு அடங்கித் திறை செலுத்த வேண்டும், பாதிரிமாரின் வேலைக்குத் தடை போடக் கூடாது என்ற கட்டுகளோடு அவன் ஆட்சி தொடங்கியது.

அவனைப் பொம்மை அரசன் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது பெரும் அநியாயம். கண்டியில் விமலதர்மசூரியனும் அவனுக்குப் பின் செனரத்தும் பறங்கியரோடு பொருதபோது, தமிழகத்திலிருந்து அவர்களுக்குப் போன உதவி யாழ்ப்பாணத்தின் வழியாகவே போனது. எதிர்மன்னசிங்கன் அதைக் கண்டும் காணாதவன்போல் இருந்தான். அவன்மீது போர்த்துக்கேயர் ஓயாமல் சந்தேகப்பட்டார்கள். ஆனாலும் அவனை அகற்றவில்லை. கழுத்தில் கத்தி இருக்கும்போதே கால் நூற்றாண்டு நாட்டைக் கட்டிக் காத்த சாமர்த்தியம் சிறியதல்ல.

இந்த அரசன் சூடிய பட்டப்பெயர் பரராசசேகரன். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் பரராசசேகரன், செகராசசேகரன் என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடியதால், எந்த நூல் எவன் காலத்தது என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. சோதிடத்துக்குச் ‘செகராசசேகரமாலை’யும் மருத்துவத்துக்குச் ‘செகராசசேகரம்’, ‘பரராசசேகரம்’ என்பவையும் இந்தப் பரம்பரையின் ஆதரவில் எழுந்தவை. சரசுவதி மகாலயம் என்ற ஏட்டுச் சாலை நல்லூரில் இருந்ததாக மரபு சொல்லும். ஆனால் முந்தியவர்கள் வளர்த்தவை பெரும்பாலும் நாள் பார்க்கவும் நோய் தீர்க்கவும் உதவும் நூல்கள். கவிதைக்காகவே கவிதை என்று நிற்கும் பெருங்காப்பியம் ஒன்றுதான்: அரசகேசரி பாடிய ‘இரகுவமிசம்’.

அரசகேசரி அரச குடும்பத்தவர். ‘யாழ்ப்பாண வைபவமாலை’ அவரைப் பரராசசேகரனின் மருகர் என்கிறது; போர்த்துக்கேயர் எழுதிவைத்ததில் அதே பெயருடையவர் எதிர்மன்னசிங்கனின் தம்பி. முந்திய பரராசசேகரன் ஒருவன் காலத்துக்கு, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னே, அவரைத் தள்ளுவோரும் உளர். எதிர்மன்னசிங்கன் காலமே பொருந்தி வருகிறது. நீர்வேலியில் அவர் பெயரைத் தாங்கி அரசகேசரிப் பிள்ளையார் கோயில் நிற்கிறது. நூல் திருவாரூரில் அரங்கேறியது என்பது வழிவழிச் செய்தி.

காளிதாசனின் பத்தொன்பது சருக்கக் காவியம் அரசகேசரி கையில் 2,400க்கு மேற்பட்ட தமிழ் விருத்தங்களாக விரிந்தது. கம்பனைக் கரைத்துக் குடித்த ஒருவரின் நடை அது. சிலேடையும் மடக்கும் சொல்லணியும் செறிந்து, உரையில்லாமல் உள்ளே நுழைய முடியாதபடி இறுகியிருக்கும். கந்தபுராணம் யாழ்ப்பாணத்துக் கோயில் தோறும் படிக்கப்பட்டுப் பயன் சொல்லப்பட்டது. இரகுவமிசமோ பண்டிதர் வீட்டுத் திண்ணையைத் தாண்டவில்லை. அதை அந்நூலின் குறையென்று சொல்லிவிட முடியாது. பாடியவர் ஊர் மக்களை எண்ணிப் பாடவில்லை. அரசனின் செவிக்காகவும் புலவர் சபைக்காகவும் பாடினார்.

அவர் எடுத்துக்கொண்ட கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிள்ளையில்லாத திலீபன் வசிட்டரின் பசு நந்தினியைக் காட்டில் மேய்க்கிறான். அது நின்றால் நிற்கிறான், கிடந்தால் அமர்கிறான். ஒரு நாள் பசுவின்மேல் சிங்கம் பாய்கிறது. அம்பெடுக்கத் தூணிக்குப் போன கை அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. பசுவை விட்டு என்னைத் தின் என்று அரசன் தன் உடலைக் கொடுக்கிறான். ஒரு மாட்டுக்காக உலகாளும் குடையையும் இளமையையும் இழக்கிறாயே, நீ அறிவில்லாதவன் என்று சிங்கமே அவனுக்குப் புத்தி சொல்கிறது. அந்தக் குலத்தின் கடைசி அரசனாகக் காளிதாசன் காட்டும் அக்கினிவருணன் நேரெதிர்: அந்தப்புரத்தைவிட்டு வெளியே வராதவன். குடிகள் முகம் காண ஆசைப்பட்டபோது பலகணி வழியே ஒரு காலை மட்டும் நீட்டிக் காட்டியவன். அவன் க்ஷயரோகத்தில் மாண்டதும், கருவுற்றிருந்த தேவியை அரியணையில் இருத்தி அமைச்சர் நாட்டை நடத்துகிறார்கள். பிறவாத பிள்ளை ஒன்றின் பெயரால் நடக்கும் ஆட்சியோடு காவியம் முடிகிறது.

இதை வடமொழியில் எழுத்தெழுத்தாகப் படித்தறிந்த அரசகேசரிக்கு நல்லூரில் நேர்ந்தது ஏறக்குறைய இதுவே. எதிர்மன்னசிங்கன் இறந்தபோது அவன் மகனுக்கு மூன்று வயது. பிள்ளையின் பெயரால் நாட்டை நடத்தும் பொறுப்பு அரசகேசரியின் தலையில் விழுந்தது.

அதே நாள்களில் கடலின் அக்கரையிலும் ஒரு கலையரசன் இருந்தான். விஜயநகரம் சிதைந்துகொண்டிருக்கத் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கன் தெலுங்கில் காவியம் பாடினான். ‘சங்கீத சுதை’ என்ற இசைநூல் அவன் சபையில் பிறந்தது. அவன் யாழ்ப்பாணத்தின்மேல் படை நடத்தி வென்றதாக யக்ஞநாராயண தீட்சிதர் வடமொழியில் ‘சாகித்திய ரத்னாகரம்’ எழுதினார். களத்தில் நடந்தது வேறு: தஞ்சைப் படைகள் பறங்கியரிடம் தோற்றன.

நல்லூரிலோ 1617இல், அரியணைக்கு ஆசைப்பட்ட சங்கிலி குமாரன் அரண்மனைக்குள் புகுந்து அரசகேசரியையும் அரச குருதி ஓடிய இளவரசரையும் வெட்டிக் கொன்றான். பறங்கியரை எதிர்த்து நின்ற சங்கிலியன் என்ற பெயருக்கு யாழ்ப்பாணம் முத்திரைச் சந்தியில் குதிரை மேல் சிலை வைத்திருக்கிறது. அந்தப் பெயருடைய இருவரில் இவன் பின்னவன். இவன் வாள் முதலில் பாய்ந்தது பறங்கியன்மேல் அல்ல, ஈழத்தின் தலைசிறந்த காப்பியப் புலவர்மேல். அந்தப் பழி துடைக்கக் கூடியதல்ல. அடுத்த ஆண்டே அவனுக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டது. தஞ்சையிலிருந்து வந்த வருணகுலத்தான் என்ற படைத்தலைவனின் துணையால் மீண்டான். 1619இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப்பே டி ஒலிவேரா நல்லூரைப் பிடித்தான். ஓடிப் போகையில் பிடிபட்ட சங்கிலி குமாரன் 1623இல் கோவாவில் கொல்லப்பட்டான். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை ஒலிவேரா இடித்துத் தள்ளினான். குழந்தையரசன் பறங்கியர் கையில் வளர்ந்து பிரான்சிஸ்கன் துறவியானான்.

இரகுவமிச ஏடு மட்டும் பிழைத்தது. மாணவர் பிரதி செய்து கைமாற்றி வந்த அதனை 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலரின் மருகர் நல்லூர் ச. பொன்னம்பலபிள்ளை அச்சேற்றினார்; பின்னாளில் புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் ஒரு பகுதிக்கு உரை கண்டார்.

சபை போனபின் புலவர்கள் புரவலரைத் தேடி ஊர்களுக்குப் போனார்கள். ஒல்லாந்தர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், அதே நல்லூரில் பிறந்த சின்னத்தம்பிப் புலவர் ஓர் அகப்பொருட் கோவை பாடினார். அதன் பாட்டுடைத் தலைவர் மன்னர் அல்லர். வடமராட்சியில் கரவெட்டியில் வாழ்ந்த வேலாயுதர் என்ற பெருநிலக்காரர். ‘கரவை வேலன் கோவை’ என்று ஊரின் பெயர் நூலில் ஏறியது. அரசர் ஒருவரும் இல்லாத யாழ்ப்பாணத்தில் கோவையும் அந்தாதியும் பள்ளும் பிறந்தது இத்தகைய வீடுகளின் ஆதரவிலேயே.