ஈரலும் சிறுநீரகமும்: நீர்க்கட்டி நோயில் வயதுப் பகுப்பு குறித்து ஒரு மறுபரிசீலனை

ஒடுங்கு மரபில் வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோயில், சிறுநீரகம் எவ்வளவுக்குக் கெட்டிருக்கிறதோ அவ்வளவுக்கு ஈரல் தப்பியிருக்கும், ஈரல் கெட்ட இடத்தில் சிறுநீரகம் பெரும்பாலும் பிழைத்திருக்கும் என்பதாக ஒரு நியதி நெடுநாளாகப் போதிக்கப்பட்டு வருகிறது. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது பிளைத், ஒக்கெண்டன் ஆகிய இருவரும் 1971-இல் வெளியிட்ட ஆராய்ச்சி. அவர்கள் கண்ணால் கண்டு எழுதியவற்றை மறுக்க வேண்டியதில்லை என்பதும், அவற்றிலிருந்து பின்வந்தோர் வடித்தெடுத்த நியதியே ஒப்புக்கொள்ளத் தகாதது என்பதும் என் துணிபு.

அவ்விருவரும் நோயுற்ற குழந்தைகளை, நோய் வெளிப்பட்ட வயதைக் கொண்டு நால்வகையாகப் பிரித்தனர். பிறக்கும்போதே வயிறு புடைத்திருந்த சிசுக்களில் சிறுநீரக நுண்குழல்களில் நூற்றுக்குச் சுமார் 90 விரிந்திருந்தன. முதல் மாதத்தில் நோய் வெளிப்பட்டவர்களில் 60. சில மாதங்கள் கழித்து வெளிப்பட்டவர்களில் ஏறக்குறைய 25. அதற்கும் பிற்பட்ட இளம்பருவத்தாரில் 10-க்கும் குறைவு. ஈரலில் படர்ந்த நார்த்திசுவோ, இதற்கு நேர்மாறாக, முதல் வகையில் அற்பமாகவும் கடைசி வகையில் மிகுதியாகவும் இருந்தது. உடன்பிறந்தார் பெரும்பாலும் ஒரே வகைக்குள் அடங்கியதால், வகைக்கு ஒன்றாக நான்கு மரபணுக்கள் இருக்க வேண்டுமென்று அவர்கள் அனுமானித்தனர். 1994-இல் நோய் ஆறாவது குரோமோசோமில் ஒரே இடத்தோடு பிணைக்கப்பட்டதும், 2002-இல் அவ்விடத்து மரபணுவே கைக்குக் கிட்டியதும் அந்த அனுமானத்தை முடித்துவைத்தன. ஆனால் எதிர்விகித நியதி மட்டும் போதிய அளவு விசாரிக்கப்படாமல் பாடப்புத்தகங்களில் தங்கிவிட்டது.

அந்த அட்டவணையை மறுபடியும் உற்றுப் பார்ப்போம். முதல் வகையில் பரிசோதிக்கப்பட்டது, பிறந்து சில மணி நேரமோ சில நாளோ உயிரோடிருந்த சிசுவின் ஈரல். கடைசி வகையில் பரிசோதிக்கப்பட்டதோ, ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த குழந்தையின் ஈரல். ஆகவே நார்த்திசுவின் அளவை வகைக்கு வகை ஒப்பிடுகிறவர், தம்மையறியாமலே, அவ்வீரல்களின் வயதைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அச்சிசுவின் ஈரல் சீவலை நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், பித்தநாளங்கள் செவ்வனே திரண்ட குழல்களாக அமையாமல், சிரையும் தமனியும் செல்லும் தடத்தின் விளிம்பைச் சுற்றி வளையமாய்க் கிளைத்துக் கிடப்பது தெரியும். கருப்பருவத்துப் பித்தநாளத் தகடு உருமாற வேண்டிய நேரத்தில் உருமாறாமல் நின்றுவிட்ட கோலம் அது. இந்நோயில் அது பிறப்பிலேயே தவறாமல் காணப்படுவது. கோளாறு இருக்கிறது, அது நாராக முற்றுவதற்கு வேண்டிய காலந்தான் அச்சிசுவுக்கு வாய்க்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிசுக்களுக்குச் செயற்கைச் சுவாசமும் டயாலிசிஸும் கைவராத அக்காலத்தில், மிகப் பெருத்த சிறுநீரகங்களோடு பிறந்த சிசு, நுரையீரல் வளராத குறையாலேயே மாண்டுபோயிற்று. அப்படியானால் ஐந்து வயதில் ஈரல் நோயோடு மருத்துவரிடம் வந்து சேர்ந்தவர்கள் யார்? சிறுநீரகம் அதிகம் கெடாதவர்கள் மட்டுமே. இரண்டு உறுப்புகளும் ஒருங்கே கெட்ட குழந்தையை அட்டவணையில் காணோமென்றால், அத்தகைய குழந்தை இயற்கையில் இல்லையென்று பொருளாகாது. எண்ணப்படுவதற்கு முன்பே அது இறந்துவிட்டது. இன்று அது பிழைக்கிறது. பிறந்தவுடன் சுவாசக் கருவியால் காப்பாற்றப்பட்டு, பின்னர் மாற்றுச் சிறுநீரகமும் பெற்ற பிள்ளைகளுக்கு மண்ணீரல் வீங்குவதையும், உணவுக்குழலில் புடைத்த சிரைகள் உடைந்து இரத்த வாந்தி உண்டாவதையும், சிலருக்கு ஈரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்தே மாற்ற நேர்வதையும் எதிர்விகித நியதியைக் கொண்டு விளக்க முடியாது.

உடன்பிறந்தாரின் ஒற்றுமை என்னாவது என்று கேட்கலாம். மரபணுவின் இரு பிரதிகளிலும் புரதத்தையே துண்டித்துவிடும் பிறழ்ச்சி அமைந்தால் சிசு பிழைப்பது மிக அரிது; ஒரு பிரதியிலாவது மிதமான பிறழ்ச்சி இருந்தால் பிழைப்பதற்கு இடமுண்டு. உடன்பிறந்தார் ஒரே பிறழ்ச்சிகளைப் பெறுவதால் ஒத்திருக்கிறார்கள், அவ்வளவே. எனினும் ஒரே வீட்டில் ஒரு பிள்ளை தொட்டிலிலேயே மாள, மற்றொன்று பள்ளிக்குச் செல்வதும் உண்டு. சிறுநீரகம் ஏறக்குறைய நன்றாயிருக்க ஈரல் மட்டும் கெடும் சிலரைச் சிலர் எடுத்துக்காட்டுவர். இரு உறுப்புகள் தனித்தனியே கெடக்கூடும் என்பதற்கே அது சான்று. ஒன்று கெட்டால் மற்றொன்று தப்பும் என்பதற்கு அன்று. 1971-ஆம் ஆண்டு ஆராய்ச்சிக்குக் கிடைத்த குழந்தைகள் சிலரே. ஆதலால் எதிர்விகிதம் எவ்வகையிலும் இல்லையென்று நிரூபித்துவிட்டதாக நான் கூற முற்படவில்லை. அது உண்டென்று கூறுவோர்தாம் சம வயதுடைய ஈரல்களை அருகருகே வைத்துக் காட்டக் கடமைப்பட்டவர்கள்.

வளர்ந்தோர் நோயென வழங்கும் ஓங்கு மரபு வகையிலும் இதே மயக்கம் உண்டு. டென்மார்க்கில் டால்கார்டு 284 நோயாளிகளையும் அவர்தம் குடும்பங்களையும் ஆராய்ந்து 1957-இல் அதன் மரபு முறையை நிலைநாட்டியபோது, நோய் நடுவயதில் வெளிப்படுவதாகவே தோன்றியது. ஏனெனில் சிறுநீரகத்தின் செயல் குன்றும்வரை நோயாளி வருவதில்லை. 2006-இல் வெளிவந்த அளவைகளின்படி இச்சிறுநீரகங்கள் ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம் பெருக்கின்றன. அதாவது பதின்மூன்று, பதினான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன. நாற்பது வயதினரின் சிறுநீரகத்தை இவ்வேகத்தில் பின்னோக்கிக் கணக்கிட்டால், நோயின் தொடக்கம் பால்யத்தில் போய் நிற்கும்.

ஆகவே மருத்துவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஒடுங்கு மரபு நோயில் பிழைத்த குழந்தை எந்த வயதில் நோயுற்றதாக ஏட்டில் எழுதப்பட்டிருந்தாலும், அதன் மண்ணீரலின் அளவையும் இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் தவறாமல் கண்காணியுங்கள், ஓங்கு மரபுக் குடும்பத்தில் பெற்றோரின் இரத்த அழுத்தத்தை அளக்கும்போதே பிள்ளைகளுக்கும் அளந்து வாருங்கள்.