தெனேரேயின் ஒற்றை மரம்

பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் தலைமுறைக்குச் சகாரா என்றால் ஆப்பிரிக்கப் படத்தில் ஒரு வெறும் மஞ்சள் பரப்பு. அந்தப் பரப்பிலும் ஒரு மரத்துக்குத் தனியிடம் இருந்தது என்பதைப் பணி ஓய்வுக்குப் பிறகு படித்துத்தான் அறிந்தேன்.

இன்றைய நைஜர் நாட்டின் தெனேரே பாலைவனத்தில் தன்னந்தனியாக நின்ற வேலமரம் அது. சுற்றிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு வேறு மரம் கிடையாது. ஊர்களைக் குறிப்பதுபோல அதையும் பிரெஞ்சு ராணுவ வரைபடங்களில் குறித்திருந்தார்கள். 1938-39 குளிர்காலத்தில் அருகே கிணறு தோண்டியபோது, 30 மீட்டருக்கும் கீழே, நிலத்தடி நீரில் அதன் வேர்களைக் கண்டார்களாம்.

மழையே இல்லாத இடத்தில் மரம் எப்படி வந்தது? தெனேரேயின் மேற்கு விளிம்பிலுள்ள கோபெரோவில் 2000-ல் பழங்காலக் கல்லறைகள் கிடைத்தன. ஏரிக்கரையில் மீன் பிடித்து வாழ்ந்தவர்களின் கல்லறைகள்! சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே பருவமழை பெய்தது. பூமியின் சுற்றுப்பாதையும் சாய்வும் மெல்ல மாற, மழை தெற்கே பின்வாங்கியது. ஏரிகள் வற்றின, புல்வெளி மணலானது. பிற்காலம்வரை மிஞ்சியிருந்த தோப்பொன்றின் கடைசி வாரிசே இந்த மரம்.

உப்பு வாங்க ஒட்டகங்களோடு அவ்வழியே சென்ற துவாரெக் மக்கள், பசித்த ஒட்டகத்தைக்கூட அதில் மேயவிடவில்லை. தேநீர் காய்ச்சவும் கிளை ஒடிக்கவில்லை. 1939-ல் அதைக் கண்ட பிரெஞ்சு அதிகாரி மிஷெல் லெசூர் இதை வியந்து எழுதியிருக்கிறார்.

1968 முதல் 1973 வரை சகாராவின் தென்விளிம்பான சாஹெலில் கொடும் வறட்சி. புல் கருகியது, மந்தைகள் மடிந்தன. 'ஆடுமாடுகளை அளவின்றி மேய்த்து இவர்களே நிலத்தைப் பாலையாக்கினார்கள்' என்று பழி மேய்ப்பர்கள் மீது விழுந்தது. அட்லாண்டிக், இந்தியப் பெருங்கடல்களின் வெப்பநிலை மாறியதே மழை பொய்த்ததற்கு முதன்மைக் காரணம் என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டின. கோப்புகளோடு காலம் கழித்தவன் என்பதால் சொல்கிறேன்: முதலில் எழுதப்பட்ட குற்றச்சாட்டு லேசில் அழியாது.

மரத்தை வீழ்த்தியது ஒட்டகமோ வறட்சியோ அல்ல. 1973-ல் மோதிய ஒரு லாரி. அடிமரம் நியாமே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது நின்ற இடத்தில் இப்போது ஓர் உலோகக் கம்பம்.

1980-களிலிருந்து நைஜரின் தென்பகுதி விவசாயிகள், வயலில் பழைய வேர்களிலிருந்து துளிர்த்தவற்றை வெட்டாமல் வளர்த்தார்கள். மழையும் ஓரளவு திரும்பியது. இன்று லட்சக்கணக்கான ஹெக்டேரில் அங்கே மரங்கள் நிற்கின்றன.