குற்றாலத்து ஜாதிக்காய்: உரித்தலும் உலர்த்தலும்

பழுத்த ஜாதிக்காய் மரத்திலேயே வெடித்துத் தன் மூன்று பாகங்களையும் காட்டிவிடுகிறது: வெளியே மஞ்சள்நிறத் தடித்த சதை, அதனுள் கொட்டையைச் செந்நிற வலைபோல் பற்றியிருக்கும் ஜாதிபத்திரி, அதனடியில் கரிய ஓட்டுக்குள் கிடக்கும் பருப்பு. சதை ஊறுகாயோடு நின்றுவிட, விலை பெறுவன மற்ற இரண்டுமே என்பதால், பத்திரி கிழியாமல் உரிப்பதும் பருப்பு சிதையாமல் ஓட்டை உடைப்பதுமே இத்தொழிலின் நுட்பமாயின. வெற்றிலையோடு மெல்லும் பஞ்சவாசத்தில் ஒன்றாகத் தமிழர் இதனை நெடுங்காலமாக நுகர்ந்துவந்தபோதிலும், அவர்கள் கைக்கு எட்டியது கடல்கடந்து வந்த உலர்ந்த சரக்குதான், மரம் அன்று.

அந்த உலர்வே மரத்துக்குக் காவலாகவும் இருந்தது. ஜாதிக்காயின் தாயகமான பண்டாத் தீவுகளைத் தம் பிடியில் வைத்திருந்த டச்சுக்காரர், பத்திரி உரித்த கொட்டைகளை மெல்லிய புகையின்மேல் வாரக்கணக்கில் பரப்பி, பருப்பு சுருங்கி ஓட்டுக்குள் குலுங்கும்வரை காயவைத்து, பின் ஓட்டை உடைத்துப் பருப்பைச் சுண்ணாம்பில் தோய்த்து அனுப்பினர். அயலார் முளைக்கவைக்காதபடி செய்த சூழ்ச்சியே சுண்ணாம்பு என்று பலரும் எழுதியுள்ளனர். ஆனால் ஈரம் வற்றியதுமே இவ்விதை முளைக்கும் திறனை இழந்துவிடுவதால், சுண்ணாம்பு பூச்சிக்குத்தான் பகையாயிற்று எனக் கொள்வதே பொருந்தும். விதைக்கென எடுப்பதாயின், ஓட்டை உடைக்காமல் கொட்டையை ஈரம் காயுமுன் மண்ணில் ஊன்றியாக வேண்டும். ஆகவே 1796இல் ஆங்கிலேயர் பண்டாவைக் கைப்பற்றியபின், கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் கிறிஸ்டோபர் ஸ்மித், பண்டாவையும் உள்ளடக்கிய மொலுக்கா தீவுகளில் நாற்றுகளாகவே திரட்டிக் கப்பலேற்றினார்.

திருநெல்வேலிச் சீமை 1801இல் கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்த காலத்தை ஒட்டிக் குற்றாலத்தில் வாசனைப்பொருள் தோட்டங்கள் எழுந்து, ஜாதிக்காயும் கிராம்பும் இலவங்கப்பட்டையும் அங்கு வேரூன்றின. தென்காசிக்கு மேற்கே மலைத்தொடர் தாழ்ந்து, தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைந்து சாரலாகத் தூவுவதால், மழைநிழல் நாட்டின் விளிம்பிலேயே ஈரம் விரும்பும் இம்மரங்களுக்கு இடம் கிடைத்தது. மலைக்கு அப்பால் குளத்துப்புழைச் சதுப்புக் காடுகளில் இதே பேரினத்தைச் சேர்ந்த வேறு காட்டு மரங்கள் தொன்றுதொட்டு வளர்ந்துவந்தன என்பது வேறு செய்தி. மணத்தில் தாழ்ந்த அவற்றின் காய்க்காக எந்தக் கப்பலும் புறப்படவில்லை.

மரத்தை வளர்த்த சாரலே அறுவடைக்கு இடையூறும் ஆயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியில் காய்கள் மிகுதியாக முதிர்வது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அதாவது சாரல் காலத்தில். வெயில் முகம் காட்டாத நாட்களில் உரித்த பத்திரி பூசணம் பூத்து நிறம் கெடும், கொட்டையும் ஈரம் விடாது. பத்திரியைச் சற்று நேரம் வெந்நீரில் தோய்த்து நிறத்தைக் காத்து, சூடான காற்றோட்டமுள்ள உலர்த்திகளில் காயவைக்கும் முறை பிற்காலத்தது. வெயிலை நம்பாமல் பண்டாவில் புகைமூட்டியதும் இதே தேவைக்காகவே.