கொடியேறு முன்னர்: புத்தளக் கரையோரத்தில் திருவிழாக் கால அயலுறவு

ஆடி பிறக்கப் பத்து நாள் இருக்கும்போதே எங்கள் கரையோர ஊர்களில் ஒரு மாற்றம் தோன்றிவிடும். பழைய வேலிகளுக்குப் புதுக் கிடுகு கட்டுவார்கள். முற்றங்களுக்குப் புதுமணல் வந்து சேரும். மச்சச் சட்டிகள் கழுவிக் கவிழ்க்கப்படும். வெளியூர்களில் தொழில் செய்வோர் ஒவ்வொருவராக வீடு திரும்புவார்கள். "கொடியேறப் போகிறது" என்ற ஒரு சொல்லே அத்தனைக்கும் போதுமானது.

திருவிழாவைப் பற்றி எழுதுவோர் பலர். திருவிழாவுக்கு முந்திய நாட்களைப் பற்றி எழுதுவோர் சிலரே. ஆயினும் ஓர் ஊரின் உண்மையான நிலையை அறிய வேண்டுமாயின், தேர் ஓடும் நாளைக் காட்டிலும் அதற்கு முந்திய நாட்களையே நோக்க வேண்டும் என்பது என் எண்ணம். தேர் நாளிலே எல்லோரும் கூடுவர், எல்லோரும் மகிழ்வர். ஆனால் யார் யாருக்குக் கடன் கொடுத்தார், யார் யாரை அழைத்தார், யார் யாரை மறந்தார் என்பவை முந்திய நாட்களிலேயே தீர்மானமாகின்றன. பல்கலைக்கழகத்திற் பயிலும் மாணவனாகிய யான் இதனை ஆராயத் துணிந்தமைக்குப் பெரியோர் பொறுத்தருள்வாராக.

காற்று வகுத்த காலம்

எங்கள் கரையிலே திருவிழாக் காலம் ஒரு தொடராகவே வருகின்றது. ஆடியில் உடப்புத் திரௌபதை அம்மன் கோவிலில் மகாபாரதப் போரின் நினைவாகப் பதினெட்டு நாள் விழா நடந்து, தீமிதிப்புடன் நிறைவெய்தும். ஆகஸ்ட் மாதத்திலே கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள தலவில அன்னம்மாள் கோவிலுக்குக் கத்தோலிக்க மக்கள் திரள்வர். அதனை ஒட்டியே சிலாபத்துக்கு அருகிலுள்ள முன்னேஸ்வரத்தில் ஏறத்தாழ நான்கு வாரங்கள் நீடிக்கும் மகோற்சவம் நிகழ்ந்து, தெதுறு ஓயாவில் தீர்த்தத்துடன் முடிவுறும்.

இவை ஏன் ஏறக்குறைய ஒரே காலத்தில் வருகின்றன? ஆடி அம்மனுக்குரிய மாதம் என்பது சமய வழக்கு. கரையோரத்தான் வேறொரு காரணமும் அறிவான். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை மேற்குக் கரையிலே சோளகக் காற்று வீசும், கடல் கொந்தளிக்கும், கரைவலை ஓய்வெடுக்கும். எங்கள் கரையார் பலர் அக்காலத்தில் கிழக்குக் கரைக்குச் சென்று, அங்கே வாடி அமைத்துத் தொழில் புரிவது பழைய வழக்கம். அவ்வாறு சென்றவர் விழாவுக்கென ஊர் திரும்புவர். ஆகவே திருவிழாக் காலம் என்பது கடல் மனிதனுக்கு விடுமுறை அளிக்கும் காலமுமாகும்.

விடுமுறை என்றால் வருவாய் இல்லை என்பதும் பொருள். இங்கேதான் அயலவர் வருகின்றார்கள்.

என் பாட்டனார் கரைவலைச் சம்மாட்டியாக இருந்தவர். அவருடைய கருவாட்டை மொத்தமாக வாங்கியவர் பக்கத்து ஊர் முஸ்லிம் வியாபாரி ஒருவர். இருவருக்கும் இடையே எழுத்தில் எதுவும் இல்லை. மாட்டுத்தாள் அட்டையிட்ட ஒரு கொப்பியிலே கணக்கு மாத்திரம் இருந்தது. கொடியேற்றத்துக்கு முன்னர் கணக்குத் தீர்ப்பது முறை. ஓராண்டு மீன்பாடு முற்றாகப் பொய்த்துவிட்டது. தீர்ப்பதற்குக் கணக்கே இல்லை. வலை இழுத்த முப்பது குடும்பங்களுக்கும் விழாச் செலவுக்குக் காசு வேண்டும். பாட்டனார் வெட்கப்பட்டு அவரிடம் போகாமல் இருந்தாராம். வியாபாரியே நடந்து வந்து, "சம்மாட்டியார், பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்காமலா கொடியேற்றப் போகிறீர்கள்?" என்று கேட்டுப் பணத்தைப் பாயில் வைத்தாராம். "எப்போது தருவது, நானா?" என்று கேட்டதற்கு, "கடல் தரும்போது தாருங்கள்" என்பதே மறுமொழி. இதனை என் அம்மம்மா பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்லி முடித்ததும் அந்தக் கொப்பியை எடுத்துக் காட்டுவார்.

பழைய சாட்சிகள்

இவ்வயலுறவு நேற்றுத் தோன்றியதன்று. மொரொக்கோ நாட்டு யாத்திரிகரான இபுனு பட்டுட்டா 1344 ஆம் ஆண்டில் எங்கள் கரையில் இறங்கினார். அவர் பட்டாலா என்று குறிப்பிடும் பட்டினம் புத்தளமே என்று வரலாற்றறிஞர் கொள்வர். அங்கே அவரை வரவேற்றவர் ஆரியச் சக்கரவர்த்தி என்னும் தமிழ் மன்னர். கரையோரம் எங்கும் கறுவாப் பட்டை குவிந்து கிடந்ததையும், மரத்தாலான மதில் நகரைச் சூழ்ந்திருந்ததையும் அவர் எழுதியிருக்கிறார்.

நமக்கு வேண்டிய செய்தி அடுத்து வருகின்றது. யாத்திரிகர் மன்னரிடம் பொன்னையோ மணியையோ கேட்கவில்லை. ஆதமுடைய பாதம் என முஸ்லிம்கள் போற்றும் மலையைத் தரிசிக்க வழிவேண்டினார். மன்னர் அவருக்குப் பல்லக்குக் கொடுத்தார். ஆண்டுதோறும் அம்மலைக்குப் போய்வரும் யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், தம் பரிவாரத்தார் பதின்மரையும், உணவு சுமக்கப் பதினைவரையும் உடன் அனுப்பினார். சலாவத் எனும் சிலாபத்தின் வழியாக அவர்கள் சென்றனர். ஒரு முஸ்லிமின் யாத்திரைக்கு ஒரு சைவ அரசன் வழித்துணை கொடுத்தான் என்பது எங்கள் கரையின் எழுதப்பட்ட வரலாற்றின் முதற் பக்கங்களில் ஒன்றாகும். அம்மலையைப் பௌத்தர் ஸ்ரீ பாதம் என்றும், சைவர் சிவனொளிபாதம் என்றும் வணங்குவதை யாவரும் அறிவர்.

முன்னேஸ்வரத்தின் வரலாறும் இதனையே கூறுகின்றது. பதினைந்தாம் நூற்றாண்டிலே கோட்டையில் அரசு புரிந்த ஆறாம் பராக்கிரமபாகு பௌத்த மன்னர். அவர் அக்கோவிலுக்கு வழங்கிய மானியத்தைக் கல்வெட்டொன்று கூறுகின்றது. பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் கோவிலை இடித்தனர். அதனை மீண்டும் எழுப்ப உதவியவர் கண்டியில் 1747 முதல் 1782 வரை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். அவர் பௌத்த சாசனத்துக்குப் புத்துயிர் அளித்த அரசர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. முன்னேஸ்வரத்துப் பத்திரகாளி சந்நிதியில் நேர்த்தி வைப்போருட் சிங்கள மக்கள் பெருந்தொகையினர்.

இடித்தவரைப் பற்றி எழுதும்போது ஒன்றை மறைத்தல் கூடாது. போர்த்துக்கேயர் செய்த தீங்குக்காக இக்கரையின் கத்தோலிக்க அயலவரைப் பொறுப்பாளியாக்குவது அறமன்று. யானும் மிஷன் பாடசாலையொன்றிலே கல்வி கற்றவன். நத்தார்க் கீதங்களைப் பாடியிருக்கிறேன். தீமிதிப்பு நாளில் எங்களுக்கு விடுப்புக் கேட்கப் போனால், "நெருப்பு ஆறிய பின்பு வீட்டுவேலையை முடித்துக்கொண்டு வாருங்கள்" என்று சிரித்தபடி அனுப்பிய துறவியாசிரியரை நான் மறக்க முடியாது.

கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டியையும் (1807 - 1860) இங்கு நினைதல் தகும். 1834 இல் இலங்கையின் ஊர்களையும் மக்களையும் விரித்துரைக்கும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டவர் அவர். 1859 இல் தமிழ்ப் புலவர் சரிதங்களைத் தொகுத்து நூலாக்கினார். சமயத்தாற் கிறித்தவராகிய அவர் சைவப் புலவரின் வரலாற்றை எழுதினார். இலங்கைச் சோனகரின் வழக்கங்களையும் ஆராய்ந்து எழுதினார். அயலவரை அறிதல் ஓர் அறிஞனின் கடன் என்பதற்கு எங்கள் கரை தந்த எடுத்துக்காட்டு அவர்.

இன்னொன்று. உடப்பு மக்களின் முன்னோர் இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தவர் என்பது அவ்வூர்ப் பரம்பரைச் செய்தி. தமிழகத்தில் திரௌபதை வழிபாடு செழித்த செஞ்சிப் பகுதியிலே, அம்மனின் காவலருள் ஒருவராக முத்தால ராவுத்தர் என்னும் முஸ்லிம் வீரரை வைத்து வணங்குகின்றனர். கோவில் வாயிலிலேயே ஓர் அயலவரை நிறுத்திய வழிபாடு அது.

தவறிய நாட்கள்

நல்லவற்றை மாத்திரம் கூறி முடித்தால் அது வரலாறு ஆகாது. திருவிழாக் காலம் மனங்கள் இளகும் காலம். அதுவே மனங்கள் எளிதிற் பற்றியெரியும் காலமும் ஆகலாம்.

1915 மே மாதம், வெசாக் இரவிலே, கண்டியில் ஓர் ஊர்வலத்தின் வாத்திய ஓசை பள்ளிவாசலின் முன் செல்லலாமா என்ற பிணக்கிலிருந்து பெருங்கலவரம் மூண்டது. சில நாட்களுக்குள் அது எங்கள் வடமேல் மாகாணத்துக்கும் பரவியது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம் மக்கள் யாவரையும் வெளியேற்றினர். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். அவர்களிற் பெரும்பகுதியினர் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்து ஓலைக் கொட்டில்களில் வாழ்ந்தனர். தமிழர் பேரால் நடந்த அச்செயலைத் தமிழராகிய நாம் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று.

2019 ஏப்ரல் 21 இல், உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. மூன்று வாரங்களின் பின், மே 12 இல், சிலாபத்து வணிகர் ஒருவர் முகநூலில் எழுதிய ஓர் ஆங்கில வசனம் அச்சுறுத்தலாகப் பொருள் கொள்ளப்பட்டது. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மறுநாள் எங்கள் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் முஸ்லிம் ஒருவர் தம் தச்சுப் பட்டறையிற் கொல்லப்பட்டார். அப்போது ரமழான் நோன்பு தொடங்கி ஒரு வாரமே ஆகியிருந்தது. வெசாக்குக்கு ஒரு வாரமும் இருக்கவில்லை. இரு சமயத்தாருக்கும் அது விழாவுக்கு முந்திய நாட்கள்.

நான் அப்போது பாடசாலை மாணவன். மேலே சொன்ன வியாபாரியின் பேரனுக்குச் சிலாபத்தில் ஒரு கடை இருந்தது. அதன் கண்ணாடிகளும் உடைந்தன. ஊரடங்குச் சட்டம் நீங்கியதும் அவரைப் போய்ப் பார்க்க வேண்டுமென்று அம்மம்மா சொன்னார். "கொஞ்சம் அடங்கட்டும்" என்றார் அப்பா. பயம் ஒரு காரணம். போய் என்ன பேசுவது என்று தெரியாமை மற்றொரு காரணம். நோன்புப் பெருநாள் வந்து போயிற்று. ஆண்டுதோறும் வரும் வட்டலப்பம் அவ்வாண்டு வரவில்லை. அம்மம்மா மாலை வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை.

ஆடி பிறக்க இரண்டு நாள் இருந்தது. அம்மம்மா அந்தப் பழைய கொப்பியைச் சேலைத் தலைப்பிற் சுற்றி எடுத்துக்கொண்டு, "நீங்கள் வராவிட்டால் நான் பஸ்ஸில் போகிறேன்" என்று புறப்பட்டுவிட்டார். அப்பாவும் நானும் பின்னே ஓடினோம். கடைக்காரர் எங்களைக் கண்டு எழுந்து நின்றார். அம்மம்மா கொப்பியைத் திறந்து, அவர் பாட்டனாரின் கையெழுத்தைக் காட்டினார். அவர் நெடுநேரம் அதனைப் பார்த்துவிட்டு, "இரண்டு மாதம் பிந்தித்தான் வந்திருக்கிறீர்கள், ஆச்சி. ஆனாலும் வந்தீர்கள்" என்றார்.

அந்த "இரண்டு மாதம்" என்ற சொல் இன்றும் என் நெஞ்சில் இருக்கிறது. நாங்கள் யாருடைய கடையையும் உடைக்கவில்லை. ஆயினும் எங்கள் மௌனத்தையும் அவர் எண்ணி வைத்திருந்தார்.

நம் கடன்

சங்கத்து நண்பர்களே, வரலாறு படிப்பதன் பயன் பழம்பெருமை பேசுவது மட்டுமன்று. விழாவுக்கு முந்திய நாட்களை நாம் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதற்குச் சில எளிய வழிகளை இங்கு முன்வைக்கிறேன்.

முதலாவது, கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் முன்னர், பெரியோர் ஒருவரும் இளைஞர் இருவருமாக அயலிலுள்ள பள்ளிவாசலுக்கும், விகாரைக்கும், மாதா கோவிலுக்கும் நேரிற் சென்று அழைப்புக் கொடுத்தல் வேண்டும். தபாலில் அனுப்பும் அழைப்பு அறிவித்தல். நேரிற் கொடுப்பதே அழைப்பு.

இரண்டாவது, ஊர்வலம் செல்லும் வழியையும் ஒலிபெருக்கியின் நேரத்தையும் தொழுகை நேரம் அறிந்து முன்கூட்டியே பேசி முடித்தல். 1915 ஆம் ஆண்டுப் பிணக்கு ஓர் ஓசையிலிருந்து தொடங்கியது என்பதை மறவாதிருப்போம்.

மூன்றாவது, கைத்தொலைபேசியில் வரும் செய்தி எதுவாயினும், அதனைப் பிறருக்கு அனுப்புமுன் சம்பந்தப்பட்ட ஊரிலுள்ள ஒருவரிடம் கேட்டறிதல். அப்படிக் கேட்பதற்கு ஒவ்வோர் ஊரிலும் நமக்கு ஒரு நண்பர் இருத்தல் வேண்டும். நண்பர் இல்லையெனில் அதுவே நாம் முதலில் தீர்க்க வேண்டிய குறை.

நான்காவது, மூத்தோரிடம் உள்ள இத்தகைய கணக்குக் கொப்பிகளையும், வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடல்களையும், விழாக்கால நினைவுகளையும் அவர்கள் இருக்கும்போதே எழுதிவைத்தல். எங்கள் மாவட்டத்தின் வரலாறு கல்வெட்டிற் சிறிதும், பெட்டகங்களிற் பெரிதுமாகக் கிடக்கிறது.

அம்மம்மா இப்போது இல்லை. கொப்பி என்னிடம் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் பாட்டனார் கைப்பட ஒரு வரி எழுதியிருக்கிறார்: நானாவின் கணக்கு முற்றும் தீர்ந்தது. பணக் கணக்கு தீர்ந்தது உண்மைதான். மற்றக் கணக்கு தீரவில்லை. ஒவ்வோராண்டும் கொடியேறு முன்னர் அதனை நாம் போய்ப் புதுப்பித்தே ஆக வேண்டும். இவ்வாண்டு நான் ஆடி பிறக்க முன்பே சிலாபம் செல்லத் தீர்மானித்திருக்கிறேன். உங்களுக்கும் அப்படி ஒரு கதவு எங்கேனும் இருக்கும். சென்று தட்டுங்கள்.