மிடில் பங்கின் இருக்கைகள்

ஆங்கில நாட்டுச் சிற்றூர்களின் வரலாற்றை ஆராய விழைவோர் முதலில் நாடிச் செல்வது அரண்மனை ஆவணங்களை அன்று. ஊர்த் தேவாலயத்தின் பதிவேட்டையே ஆகும். 1538ஆம் ஆண்டில், எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சராய் விளங்கிய தாமஸ் கிராம்வெல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு பங்கிலும் நிகழும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் குருவானவர் வாரந்தோறும் ஏட்டில் எழுதிவைத்தல் வேண்டும் என்பது அவ்வாணை. இது புதிய வரி விதிப்பதற்குச் செய்த சூழ்ச்சியோ என்று மக்கள் அஞ்சினர். ஆயினும் 1837இல் அரசாங்கமே பிறப்பு இறப்புகளைப் பதியத் தொடங்கும் வரையில், ஏறக்குறைய 300 ஆண்டுக் காலம், எளிய குடும்பங்கள் வாழ்ந்தமைக்கு இவ்வேடுகளே பெருஞ்சான்றாய் நின்றன.

பங்கு என்றேன். 'பாரிஷ்' என்னும் சொல்லுக்குத் தமிழில் நேரான சொல் காண்பது எளிதன்று. கத்தோலிக்கர் பங்கு என்பர். திருநெல்வேலிச் சீமையின் சீர்திருத்தக் கிறிஸ்தவர் சேகரம் என்பர். இவை வழிபாட்டைச் சார்ந்த பிரிவுகள். ஆங்கில நாட்டுப் பங்கோ அக்காலத்தில் ஊராட்சியுமாய் இருந்தது. சாலைகளைச் செப்பனிடும் பொறுப்பு 1555 முதல் அதன் தலைமேல் விழுந்தது. 1601ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழைகளைப் பேணும் கடமையும் அதனுடையதே. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இத்தகைய சொற்கள் தரும் தொல்லை சிறிதன்று. ஆதலின் வேறு நல்ல சொல் கிடைக்கும் வரையில் பங்கு என்றே வழங்குவேன்.

பதிவேட்டுக்கு ஒரு குறை உண்டு. ஒரு மனிதனின் வாழ்வில் மூன்றே நாட்களைத்தான் அது அறியும். இடைப்பட்ட காலத்தில் அவன் நிலத்தை உழுதானா, விற்றுக் குடித்தானா, அண்டை வீட்டாரோடு வழக்காடினானா என்று கேட்டால் அது வாய் திறவாது. ஊரை விட்டுச் சென்று வேற்றிடத்தில் மாண்டவனுக்கோ, அடக்கத்தைக் கூறும் வரியும் இல்லை.

இக்குறையைத் தம் ஊரளவில் நிறைவு செய்தவர் ஒருவர் உண்டு. வேல்ஸ் நாட்டை ஒட்டிய ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில், ஷ்ரூஸ்பரி நகருக்கு வடக்கே அமைந்தது மிடில் என்னும் பங்கு. அப்பங்கைச் சேர்ந்த நியூட்டன் என்னும் சிற்றூரில் 1635இல் பிறந்தவர் ரிச்சர்டு காஃப். இவர் உழுகுடியினர், இலத்தீன் கற்றவர், கார்பெட் என்னும் நிலப்பிரபுவிடம் எழுத்தராய்ப் பணிபுரிந்து சட்ட நுணுக்கங்களையும் அறிந்தவர். அறுபத்தைந்து வயதை எட்டிய நிலையில், 1700ஆம் ஆண்டில், தம் பங்கின் பழமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அது அக்காலத்து மரபை ஒட்டிய நூலே. அதனை அடுத்து, 1701, 1702ஆம் ஆண்டுகளில், அவர் எழுதிய இரண்டாம் பகுதிதான் வரலாற்றறிஞர் வியந்து போற்றுவது.

அவர் மேற்கொண்ட முறை மிகப் புதுமையானது. மிடில் தேவாலயத்தினுள் அமைந்த இருக்கைகளைப் படமாக வரைந்தார். அங்கு யார் வேண்டுமாயினும் எங்கு வேண்டுமாயினும் அமர்ந்துவிட இயலாது. இருக்கையின் உரிமை ஆளுக்கன்று, வீட்டுக்கும் நிலத்துக்குமே உரியது. பெருநிலக்காரர் முன்வரிசையில், சொந்த நிலமும் குத்தகை நிலமும் உழுவோர் அவர்க்குப் பின்னே, குடிசைவாழ்நர் தெற்கு வாயில் அருகே. காஃப் ஒவ்வோர் இருக்கையாக எடுத்துக்கொண்டு, அதில் எவ்வெக் குடும்பத்தார் அமர்ந்தனர், அவர் நிலம் எவ்வாறு கைமாறிற்று, மக்கள் எங்கெங்கே சென்றனர் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் செல்கிறார்.

சொல்வதில் அவருக்கு அச்சமும் இல்லை, தாட்சணியமும் இல்லை. கணவனும் மனைவியுமாக மதுக்கடையே கதியென்று கிடந்து, முதலில் மாடுகளையும் பின்பு குத்தகை உரிமையையும் இழந்த ஒரு குடும்பத்தைக் காட்டுகிறார். மூன்று பெண்கள் தம்முள் பேசிவைத்து, ஒரே இரவில் தத்தம் கணவர்க்கு நஞ்சிட முயன்றதையும், அவர்களுள் ஒருவனே மாண்டதையும் கூறுகிறார். ரீஸ் வென்லாக் என்பவனின் கதை நகைப்புக்குரியது. அடுப்பெரிக்க அயலார் வேலிகளைப் பிடுங்குவது அவன் வழக்கம். பொறுமையிழந்த ஒரு பணியாள், உலர்ந்த கட்டையொன்றில் துளையிட்டு வெடிமருந்தை நிரப்பி வேலியில் செருகிவைத்தான். வென்லாக்கின் ரொட்டியடுப்பின் மேற்பகுதி பறந்தது. வீட்டின் ஒரு புறமும் தீப்பற்றியது. ஊர்வம்பை வரலாறு என்று கொள்ளலாமா என்று சிலர் வினவக்கூடும். இந்த வம்பினூடே நிலத்தின் மதிப்பும், வறுமையும், குத்தகை முறையும், இலண்டனை நோக்கிய இளைஞரின் பெயர்ச்சியும் வெளிப்படுவதைக் காண்போர் அவ்வாறு வினவார். 1723இல் காஃப் மறைந்தார். நூல் அச்சேறத் தொடங்கியதோ 1834இல். அதுவும் முழுமையாக அன்று. 1875இல் நிறைவான பதிப்பு வந்தது. 1974இல் டேவிட் ஹே என்னும் அறிஞர், பதிவேடுகளையும் பிற ஆவணங்களையும் கொண்டு மிடில் பங்கின் சமூக வரலாற்றை விரித்தெழுதினார்.

எனினும், அந்நூலில் என் நெஞ்சை விட்டு நீங்காத பகுதி வேறு. 1642இல் முதலாம் சார்லஸ் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் மூண்டது. அப்போது காஃப் ஏறக்குறைய எட்டு வயதுச் சிறுவர். அவ்வட்டாரத்தில் 16 முதல் 60 வயது வரை உள்ள ஆடவர் அனைவரும் மிடில் குன்றின்மேல் கூடவேண்டும் என்று சர் பால் ஹாரிஸ் என்னும் பிரபு கட்டளையிட்டார். சிறுவரும் வேடிக்கை பார்க்கச் சென்றார். நிலத்தில் ஈட்டிகள் நாட்டப்பெற்றிருந்தன; ஒருவர் கையில் தாளுடன் நின்று, மன்னர் படையில் சேர்வோர்க்கு வாரம் 14 குரோட் ஊதியம் என்று அறிவித்தார். ஒரு குரோட் நான்கு பென்னி. கிராமத்துக் கூலியாளுக்கு அது கைநிறைந்த காசு.

மிடில், மார்ட்டன், நியூட்டன் ஆகிய மூன்று சிற்றூர்களிலிருந்து மட்டும் 20 பேர் சென்றனர். 13 பேர் மாண்டனர். அறுபது ஆண்டுகள் கழிந்தபின், காஃப் அவர்களை ஒவ்வொருவராக எண்ணுகிறார். ரிச்சர்டு சாலனர் என்பவன் முறைப்படி பிறவாத பிள்ளை. பங்கின் உதவிப் பணத்தில் ஓரளவு வளர்ந்தவன். எட்ஜ்ஹில் போருக்குச் சென்றான். 1642 அக்டோபர் 23இல் நடந்த அப்போருக்குப்பின் அவனைப் பற்றிய செய்தியே வரவில்லை. தாமஸ் ஃபார்மெஸ்டன், நல்ல எதிர்காலம் உண்டென்று ஊரார் கருதிய இளைஞன். எங்கே மாண்டான் என்பது தமக்குத் தெரியாது என்று காஃப் ஒளிவின்றி எழுதுகிறார். தம் தந்தையாரின் வேலையாள் ஒருவனும் அவ்வரிசையில் வருகிறான். பாராளுமன்றப் படையில் சேர்ந்தோர் மிகச் சிலரே. அவருள் ஜான் மோல்டு என்பவன் காலில் குண்டு பாய்ந்து, உயிர் பிழைத்து, வளைந்த காலுடன் வாழ்நாள் முழுதும் நடந்தான். மூன்று சிற்றூர்களில் இத்துணைப் பேர் மாண்டனர் என்றால், நாடு முழுவதும் மாண்டோர் பல்லாயிரவர் அன்றோ என்று காஃப் கணக்கிடுகிறார்.

அந்தப் பட்டியலில் ஒரு தையற்காரனும் உண்டு. வீடு வீடாகச் சென்று துணி தைத்துப் பிழைத்தவன். சோம்பேறி என்பது காஃப் அவனுக்குத் தரும் சான்று. அவனுக்குக் குடியிருக்க வீடு இல்லை. வீடு இன்மையால் தேவாலயத்தில் இருக்கையும் இல்லை. அவன் பெயரைக் காஃப் எழுதவில்லை; ஆயினும் மாண்டோரின் கணக்கில் அவனையும் ஒருவனாகச் சேர்த்திருக்கிறார்.