கஷ்மீரி கேட்டில் ஒரு நேர்த்திக்கடன்

ஊரிலிருந்து யாராவது தில்லிக்கு வந்தால் செங்கோட்டை, குதுப் மினார், மிஞ்சினால் ஆர்.கே.புரம் மலை மந்திர் என்று சுற்றிக் காட்டுவோம். கஷ்மீரி கேட் மெட்ரோவில் இறங்கி நடந்தே போகக்கூடிய செயின்ட் ஜேம்ஸ் சர்ச் நம் பட்டியலில் வருவதே இல்லை. ஆனால் தில்லிக்காரர்களிடம் "ஸ்கின்னர் சர்ச்" என்று கேளுங்கள், வழி சொல்வார்கள்.

யார் இந்த ஸ்கின்னர்? ஜேம்ஸ் ஸ்கின்னர், 1778-ல் பிறந்தவர். அப்பா ஸ்காட்லாந்துக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அதிகாரி. அம்மா ராஜபுத்திரப் பெண். தாயோ தந்தையோ இந்தியராக இருந்தால் படையில் அதிகாரி வேலை கிடையாது என்று 1790களில் கம்பெனி விதி போட்டுவிட்டது. வேறு வழியில்லாமல் மராட்டிய சிந்தியாவின் படையில் போய்ச் சேர்ந்தார்.

1800-ல் ராஜஸ்தானத்தில் உனியாரா என்ற இடத்தில் சண்டை. குண்டடி பட்டு, தூக்கிப் போக ஆளில்லாமல் போர்க்களத்திலேயே கிடந்தார். பிழைத்தால் ஒரு சர்ச் கட்டுகிறேன் என்று நேர்ந்துகொண்டது அங்கேதான். நம்மூர் பாஷையில் சொன்னால் நேர்த்திக்கடன்!

அங்கே நடந்த இன்னொன்றையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். சமார் சாதியைச் சேர்ந்த ஒரு மூதாட்டி ரொட்டியும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார். ஸ்கின்னர் வாங்கிக் குடித்தார். பக்கத்தில் அடிபட்டுக் கிடந்த ராஜபுத்திர சுபேதார், சாகப் போகிற நேரத்தில் சாதியை விடுவானேன் என்று தொட மறுத்துவிட்டார். பிழைத்து எழுந்தபின் அந்தப் பெண்மணிக்கு ஆயிரம் ரூபாய் அனுப்பினார் ஸ்கின்னர். அவரை அம்மா என்றும் அழைத்தார்.

1803-ல் கம்பெனிக்கும் சிந்தியாவுக்கும் போர் மூண்டது. ஆங்கிலேயத் தொடர்புள்ளவர்களைச் சிந்தியா தரப்பு வெளியேற்றியது. அப்போதுதான் கம்பெனிக்கு இவர் தேவைப்பட்டார் :-) இவர் திரட்டிய மஞ்சள் சட்டைக் குதிரைப்படை, ஸ்கின்னர்ஸ் ஹார்ஸ் என்ற பெயரில் இந்திய ராணுவத்தில் இன்றும் இருக்கிறது.

நேர்த்திக்கடனைத் தீர்க்கும் வேலை 1826-ல் தொடங்கியது. 1836 நவம்பர் 21 அன்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் வந்து அர்ப்பணித்தார். நம் சென்னைக் கோட்டையில் 1680-ல் எழுந்த செயின்ட் மேரி சர்ச், அங்கிருந்த ஆங்கிலேயர்கள் தங்களுக்குள் பணம் திரட்டித் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. தில்லி ஆங்கிலேயர்களுக்கோ, அவர்கள் அதிகாரியாக ஏற்க மறுத்த ஒருவர் தன் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்தார். புதுதில்லியில் ரிடெம்ப்ஷன் கதீட்ரல் வரும்வரை வைஸ்ராய்களும் இங்கேதான் வழிபட்டார்கள்.

சிலுவை வடிவக் கட்டடம், நடுவில் கும்மட்டம், மூன்று பக்கமும் தூண் வைத்த முகப்புகள். பலிபீடத்துக்கு மேலே வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள்: கிறிஸ்து சிலுவையில் அறையப்படுவது, விண்ணுக்கு ஏறுவது. கீழே தரையில் ஒரு சாதாரணப் பளிங்குக் கல். ஸ்கின்னரின் கல்லறை அதுதான். 1841 டிசம்பரில் ஹான்சியில் இறந்தவரை, அடுத்த மாதம் தில்லிக்குக் கொண்டுவந்து இங்கே மறுபடி அடக்கம் செய்தார்கள்.

உச்சியில் இருந்த செப்புக் கோளமும் சிலுவையும் 1857 கலகத்தில் துப்பாக்கிக் குண்டுகளால் சல்லடையாகிவிட்டன. பிறகு புதிதாக வைத்தார்கள். சுவர்களில் இருக்கும் நினைவுக் கற்களில் அந்த வருடம் இறந்த ஆங்கிலேயர் பெயர்கள் நிறைய உண்டு. அவசரப்படாமல் தேடினால் சிமன் லால் என்ற பெயரும் கிடைக்கும். பகதூர் ஷா ஜஃபருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர். 1852-ல் இதே சர்ச்சில், தில்லி கல்லூரிக் கணித ஆசிரியர் ராமசந்திராவோடு ஞானஸ்நானம் பெற்றவர். கிறிஸ்தவர் ஆனார் என்பதற்காகவே 1857 மே 11 அன்று கலகக்காரர்கள் கொன்றுவிட்டார்கள்.

ஆங்கிலேயர் சர்ச் என்று நாம் தாண்டிப் போகிற இடத்தின் கதை இவ்வளவுதான். கட்டியவர் பாதி இந்தியர். அவரைச் சாகாமல் காப்பாற்றியது, சுபேதார் தொட மறுத்த தண்ணீர். அந்த மூதாட்டியின் பெயரை மட்டும் எந்தக் கல்லிலும் தேட முடியாது. அவருடைய பெயரை ஸ்கின்னர் எழுதி வைக்கவில்லை.