காலால் படிக்கும் கல்

பெரிய ரயில் நிலையங்களின் நடைமேடை ஓரத்தில், புள்ளி புள்ளியாகப் புடைத்த மஞ்சள் டைல்ஸ் வரிசை ஒன்று ஓடும். உருட்டுப் பெட்டியை அதன்மேல் இழுத்தால் கடகடவென்று சத்தம் போடும். மழையில் வழுக்காமல் இருக்கப் போட்டது என்று சிலர் சொல்வார்கள், அழகுக்கு என்று சிலர். உண்மையில் அது கண் தெரியாதவர் காலால் படிப்பதற்காகப் பதித்த கல். அதற்குப் பிறந்த ஊர் உண்டு, ஜப்பானில் ஒகயாமா. பிறந்த நாளும் உண்டு, 1967 மார்ச் 18.

அதை உருவாக்கிய சேயிச்சி மியாகே பொறியாளர் இல்லை. ஒகயாமாவில் தங்கும் விடுதி நடத்தியவர். வெள்ளைக்கோலுடன் சாலையைக் கடந்த ஒருவரை உரசுவதுபோல் கார் ஒன்று பாய்ந்து போனதைப் பார்த்தது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அவருடைய நண்பர் ஹிதேயுகி இவாஹாஷிக்கும் பார்வை போய்க்கொண்டிருந்தது. பாசி படர்ந்த தரை எங்கே முடிந்து வெறும் மண் எங்கே தொடங்குகிறது என்பது செருப்புப் போட்ட காலுக்கும் தெரிகிறது என்று அந்த நண்பர் ஒருமுறை சொன்னார். மியாகேக்கு அதுவே போதுமான துப்பு. காலுக்குத் தெரியும் என்றால், கால் படிக்கிற மாதிரி தரையில் எழுதிவைக்கலாமே!

1965இல் சொந்தப் பணத்தைப் போட்டு, மேலே குமிழ்கள் புடைத்த கான்கிரீட் கல் ஒன்றை உருவாக்கினார். இரண்டு வருடம் கழித்து, ஒகயாமா பார்வையற்றோர் பள்ளிக்கு அருகில், தேசிய நெடுஞ்சாலையைக் கடக்கும் ஒரு சந்திப்பில் 230 கற்கள் பதிக்கப்பட்டன. உலகத்தில் முதன்முதலாக அந்தக் கல் தரையைத் தொட்டது அங்கேதான். மாணவர்கள் தினமும் கடக்க வேண்டிய இடம், வண்டி வேகமாக வரும் இடம். ஆபத்து எங்கேயோ, கல்லும் அங்கே.

பிறந்த பிள்ளையை ஊர் உடனே கொண்டாடவில்லை. கேட்டு வாங்க ஆளில்லை. மியாகே பல ஊர்களுக்குக் கற்களை இலவசமாகவே கொடுத்துப் பார்த்தார், கையிருப்பு கரைந்தது. 1970இல்தான் திருப்பம் வந்தது. ஒசாகா பக்கம் அபிகோச்சோ ரயில் நிலையத்தில் கல் ஏறியது. டோக்கியோவில் தகதனோபாபா நிலையத்தின் கிழக்குப் பகுதிக்குப் பத்தாயிரம் கற்கள் வேண்டும் என்று கேட்டார்கள். பிரெய்ல் நூலகமும் ஹெலன் கெல்லர் பெயரில் இயங்கும் அமைப்பும் அருகருகே இருந்ததால், பார்வையில்லாதவர்கள் நாள்தோறும் நடமாடிய பகுதி அது.

இந்தக் கதையில் மனதை உலுக்கும் இடம் இனிமேல்தான். அதே தகதனோபாபா நிலையத்தில், 1973இல் பார்வையற்ற ஒருவர் நடைமேடையிலிருந்து தவறி விழுந்து, ரயிலில் அடிபட்டு இறந்தார். வெளியே தெருவுக்குக் கல் வந்திருந்தது, உள்ளே நடைமேடை விளிம்பில் வரவில்லை. தெரு ஒரு துறையின் பொறுப்பு, நடைமேடை வேறொரு துறையின் பொறுப்பு. நடப்பவருக்கோ இரண்டும் ஒரே பயணம். குடும்பத்தார் ரயில்வே மீது வழக்குப் போட்டார்கள். அது சமரசத்தில் முடிய 1986 ஆகிவிட்டது. அதற்குள் மியாகே 1982இல் காலமாகியிருந்தார்.

கல் வளர வளர அதற்கு இலக்கணமும் வந்தது. ஊருக்கொரு வடிவமாக இருந்ததை ஒழுங்குபடுத்த 2001இல் ஜப்பான் தரநிலை வகுத்தது, 2012இல் உலகத் தரநிலையும் வந்தது. அடிப்படை இரண்டே குறிகள். நீளக் கோடுகள் புடைத்திருந்தால் இந்தத் திசையில் நட என்று பொருள். வட்டப் புள்ளிகள் என்றால் நில், முன்னால் சாலையோ படியோ பள்ளமோ இருக்கிறது. புடைப்பு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர்தான். மஞ்சள் நிறத்துக்கும் காரணம் உண்டு. மங்கலாகப் பார்வை உள்ளவருக்குக் கறுப்புத் தார், சாம்பல் சிமென்ட் இரண்டின் நடுவிலும் அது எடுத்துக் காட்டும். அழகு கெடுகிறது என்று சாம்பல் கல் நடைபாதையில் சாம்பல் நிறத்திலேயே இதைப் பதிப்பவர்கள் பாதி வேலையைக் கெடுத்துவிடுகிறார்கள்.

இந்தியாவில் கல்லுக்கு முன்பே சட்டம் வந்துவிட்டது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், 45ஆம் பிரிவிலேயே நடைபாதையில் சக்கர நாற்காலிக்குச் சரிவு, சிக்னலில் ஒலி, ஜீப்ரா கோட்டிலும் நடைமேடை விளிம்பிலும் காலுக்குத் தெரியும் பொறிப்பு என்று பட்டியல் போட்டது. 2002இல் ஓடத் தொடங்கிய டெல்லி மெட்ரோவும், 2017இல் தொடங்கிய கொச்சி மெட்ரோவும் மஞ்சள் கல்லை நம் மக்களின் கண்ணில் பட வைத்தன. நடைபாதைக்கான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டி, தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், விளிம்புக் கல் 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று அளவுகளையும் சொல்லிவிட்டது. 2016இல் புதிய உரிமைச் சட்டமும் வந்தது.

ஆக, அளவு தெரியும், சட்டம் இருக்கிறது, கல்லும் கடையில் கிடைக்கிறது. குறை எங்கே? தொடர்ச்சியில். நம் ஊர்களில் மஞ்சள் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். நேராக ஒரு மின்கம்பத்தில் போய் முட்டும். இல்லையென்றால் மூடி பெயர்ந்த ஓடை ஸ்லாபில் முடியும். ஆட்டோ ஸ்டாண்டில் காணாமல் போய், இருபது அடி தள்ளி மறுபடி முளைக்கும். கண் உள்ளவர் சுற்றிப் போய்விடுவார். கோட்டை நம்பி வந்தவருக்கு, கோடே இல்லாத தெரு இதைவிடத் தேவலை. இல்லாத கோடு யாரையும் ஏமாற்றாது.

பாலக்காட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஜப்பான் வரை போக வேண்டாம், தேரோடும் கல்பாத்தி போதும். தேர் போகும் தெருவில் யாரும் நிரந்தரமாக எதையும் நட்டுவைக்க மாட்டார்கள். வருடத்தில் சில நாட்களே ஓடும் தேருக்காக, வருடம் முழுக்க வழி திறந்தே கிடக்கும். நிலையிலிருந்து கிளம்பிய தேர் நிலைக்கே திரும்ப வேண்டும், நடுவழியில் பாதை தீர்ந்துபோகக் கூடாது என்பது ஊர் கூடி ஒப்புக்கொண்ட விதி. மஞ்சள் கோட்டுக்குக் கேட்பதும் அந்த விதியைத்தான். வீட்டு வாசலில் கிளம்பியவர் போக வேண்டிய வாசல் வரை போய்ச் சேர வேண்டும்.

மலைப்பக்கம் போனால் தேவை இன்னும் கூர்மையாகிறது. மூணாறு, குமுளி போன்ற இடுக்கி ஊர்களில் கடைத்தெருவே சரிவில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் சுற்றுலா வண்டிகள், மறுபக்கம் பள்ளம், நடுவில் எஸ்டேட்டிலிருந்து சாமான் வாங்க வரும் சனம். அங்கே புள்ளிக் கல்லின் வேலை விளிம்பைச் சொல்வது. மாலைப் பனி இறங்கிவிட்டால், கண் உள்ளவருக்கும் அது வேண்டியிருக்கும்.

முழு நகரத்தையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. துண்டு துண்டாகச் செய்வதும் உதவாது. சென்னை தி.நகர் இதில் ஒரு வழி காட்டுகிறது. 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. 2023இல் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் 570 மீட்டர் ஆகாய நடைபாதை இணைத்தது. பின்னதன் பயன் நீளத்தில் இல்லை. இரண்டு முனையிலும் மக்கள் போக வேண்டிய இடம் இருப்பதில்தான் இருக்கிறது.

பாலக்காட்டிலும் அப்படியே தொடங்கலாம். டவுன் ரயில் நிலையம், பஸ் ஸ்டாண்டு, மாவட்ட ஆஸ்பத்திரி. இந்த மூன்றையும் சேர்த்து ஒரே ஒரு பாதை, கோடு அறாமல். ரயில்வே, நகராட்சி, பொதுப்பணித் துறை, மின்வாரியம் நான்கும் ஒரே வரைபடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வேலை முடிந்ததும் ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்கும் முன், வெள்ளைக்கோல் பிடித்த ஒருவர் அதைத் தனியாக நடந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அவர் சொன்ன பிறகு பில்லை பாஸ் செய்தால் போதும்.